யாருடைய புல்வெளி?

மரவள்ளி விலையையும் மலைப் பட்டாவையும் பற்றி எழுதும் நாம், இந்த வாரம் கோல்ப் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறோம். சீமான்கள் ஆடும் ஆட்டம் நமக்கு எதற்கு என்று கள்ளக்குறிச்சித் தோழர்கள் கேட்கலாம். ஆட்டம் கிடக்கட்டும். அது நடக்கும் நிலம் யாருடையது? அந்தக் கேள்விதான் நமக்கு முக்கியம்.

வெள்ளைக்காரர்கள் பெருமையோடு பேசும் "லிங்க்ஸ்" மைதானம் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் பிறந்தது. கடலுக்கும் கழனிக்கும் நடுவே, உழவுக்கு உதவாத மணல்மேட்டுக்குத்தான் அந்தப் பெயர். எந்த நிபுணரும் அதை வரைபடம் போட்டு ஆக்கவில்லை. மேட்டை வெட்டவில்லை, பள்ளத்தைத் தூர்க்கவில்லை. ஆடும் முயலும் மேய்ந்து புல்லைக் கட்டையாக வைத்திருந்தன. காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துப் படுத்துத் தேய்ந்த குழிகளே ஆட்டத்தின் மணற்குழிகளாயின என்று சொல்வார்கள். மழை பெய்தால் தண்ணீர் மணலில் இறங்கிவிடும். நிலம் எப்படிக் கிடந்ததோ அப்படியே ஏற்றுக்கொண்டு ஆடினார்கள். பழைய பாணியின் இலக்கணம் இவ்வளவுதான்.

அது ஊர்ப் பொதுநிலம் என்பதை மறக்கக் கூடாது. செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் 1797ல், கடனில் மூழ்கிய நகரசபை அந்த மணல்வெளியைக் கைமாற்றியது. வியாபாரிகள் அதில் முயல் பண்ணை வைத்தார்கள். ஊரார் விடவில்லை. களத்திலும் கோர்ட்டிலும் வருஷக்கணக்காகப் போராடினார்கள். கடைசியில் 1894ல் பார்லிமெண்ட் சட்டத்தின் மூலம் நிலம் நகரசபையின் கைக்கே திரும்பியது. இன்றும் பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டம் கிடையாது. ஊர் ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு அங்கே உலாவுகிறார்கள்.

தங்கள் நாட்டில் பொதுநிலமாக இருந்ததை இங்கே கொண்டுவந்த துரைமார் என்ன செய்தார்கள்? வேலி போட்டார்கள்! நீலகிரியில் தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிக்கு, 1891 முதல் 1896 வரை சென்னை கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. உதகை ஜிம்கானா கிளப்பின் கோல்ப் மைதானம் அந்த வெளியில்தான் இருக்கிறது. சொந்த ஊர் நினைவுக்காக "கோர்ஸ்" என்ற மஞ்சள் பூ முட்செடியையும் சீமையிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். அது பரவி, மலைக்கு உரிய புல்லை இன்று நெருக்கிக் கொண்டிருக்கிறது.

சென்னைக் கிண்டியின் கதை இன்னும் வெளிப்படையானது. அங்கே குதிரைப் பந்தய மைதானத்தின் நடுவிலேயே ஜிம்கானா கிளப்பின் 18 குழி கோல்ப் மைதானம் அமைந்தது. 160 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த சர்க்கார் நிலம் 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்கு ரேஸ் கிளப்புக்குப் போனது. வருஷ வாடகை என்ன தெரியுமா? 614 ரூபாய் 13 அணா! ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை. ஒரு கூடை மரவள்ளிக் கிழங்குக்குப் பேரம் பேசும் நம் விவசாயி இந்தக் கணக்கை இன்னொரு தரம் படிக்கட்டும். 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகைப் பாக்கியைக் கட்டும்படி 2023ல் ஐகோர்ட் உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் உதகை பந்தய மைதானத்தின் 52 ஏக்கரும் மீட்கப்பட்டது. இவற்றை நாம் வரவேற்கிறோம். அங்கே குதிரை லாயத்திலும் புல்தரையிலும் வியர்வை சிந்தியவர்களுக்கும், ஆட்டக்காரரின் பையைச் சுமந்தவர்களுக்கும் மாற்று வேலை வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இப்போது நமது கல்வராயன் மலைக்கு வருவோம். இங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள். தேனும் கடுக்காயும் சேகரிக்கிறார்கள். தேசம் சுதந்திரம் அடைந்த பிறகும் 1976 வரை இந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. கூலியில்லாமல் உழைக்கும் கொடுமையை இம்மக்கள் அனுபவித்தார்கள். ஜாகிர் போன பிறகும், உழுத நிலத்துக்குப் பட்டா கேட்டால் வனத்துறையைக் காட்டினார்கள். வனத்துறையைக் கேட்டால் வருவாய்த்துறையைக் காட்டினார்கள். வேலை தேடிக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் குடும்பம் குடும்பமாக இறங்கிப் போகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான், மலையில் ரோடு உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்று ஐகோர்ட் தானாகவே முன்வந்து விசாரிக்க நேர்ந்தது.

கிளப்புக்கு 160 ஏக்கரை 99 ஆண்டுக்கு எழுதிக்கொடுக்க ஒரு கையெழுத்து போதும். உழுகிறவனுக்கு ஒன்றரை ஏக்கர் பட்டா கொடுக்க எத்தனை மனு வேண்டும்? எத்தனை சர்வே வேண்டும்? இதற்குப் பெயர் நியாயமா?

மலைகளுக்குச் சுற்றுலா வேண்டும், வளர்ச்சி வேண்டும் என்று பேசப்படுகிறது. நாம் வளர்ச்சிக்கு விரோதிகள் அல்ல. ஆனால் மலைச் சரிவைச் சமப்படுத்தி, ஓடையை மறித்து, தினமும் லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் பாய்ச்சிப் பச்சைக் கம்பளம் விரிப்பது வளர்ச்சி ஆகாது. அந்த ஓடைகள் கோமுகி அணைக்கு வரும் தண்ணீர்; அடிவாரத்து விவசாயியின் சோறு. லிங்க்ஸ் பாணியை மெச்சுகிறவர்கள் அதன் முதல் பாடத்தைக் கற்கட்டும்: நிலத்தை அதன் போக்கில் விடு, ஊராரை அதிலிருந்து விரட்டாதே.

ஆகவே நாம் கோருவது இதுதான். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கல்வராயன் மலை மக்களுக்குத் தனி உரிமையும் சமூக உரிமையும் தாமதமின்றி வழங்கப்பட வேண்டும். கிராமசபையின் சம்மதமில்லாமல் மலையில் எந்தத் திட்டமும் வரக்கூடாது. மீட்கப்பட்ட பொதுநிலம் எதுவும் மறுபடி ஒரு கிளப்பின் வேலிக்குள் போகக்கூடாது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஜனங்களுக்குத் தங்கள் மணல்மேட்டை மீட்க ஏறத்தாழ நூறு ஆண்டு பிடித்தது. ஜாகிர் ஒழிந்தும் பட்டாவுக்குக் காத்திருக்கும் கல்வராயன் மலை மக்களை இன்னும் எத்தனை காலம் காக்கவைப்பார்கள்?