வரிக்குப் பதினைந்து ஆண்டு, உயிருக்கு ஏழா?

பழுதோடு விற்கப்பட்ட வாகனத்தைத் திரும்ப அழைக்கும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அதுவரை 2012 முதல், நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொண்ட நெறிமுறைப்படி, தாம் விரும்பினால் அழைக்கும் ஏற்பாடுதான் இருந்தது. எனவே அந்த அதிகாரத்தைத் தரும் 110ஏ பிரிவை எல்லோரும் வரவேற்றோம். ஆனால் 2021 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள் அந்த வரவேற்பைக் கசப்பாக்கிவிட்டன. ஏழு வயதைத் தாண்டிய வாகனத்துக்கு இந்தக் கட்டாயம் பொருந்தாது என்று அவற்றில் எழுதிவைத்துவிட்டார்கள். ஏழு என்ற எண் எங்கிருந்து வந்தது? வாகனம் வைத்திருக்கும் எவரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

தனியார் காருக்கு இதே அரசு தரும் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். தமிழ்நாட்டில் சாலை வரியை ஆயுள் வரியாக முதல் நாளே மொத்தமாகக் கட்டிவிட்டுத்தான் ஷோரூமிலிருந்து வண்டியை எடுக்கிறோம். வண்டி பதினைந்து ஆண்டுகள் சாலையில் ஓடும் என்று கணக்குப் போட்டு மாநில அரசு வரியை வாங்குகிறது; மத்திய அரசோ, எட்டாம் ஆண்டில் அதே வண்டியின் பிரேக் கோளாறாகத் தயாரிக்கப்பட்டது என்று தெரியவந்தால் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த மாட்டேன் என்கிறது. பழுதான வாகனத்தை இலவசமாகச் சரிசெய்து தரும் பொறுப்பு அமெரிக்காவில் பதினைந்து ஆண்டுகள் நீடிக்கிறது. இங்கே அதில் பாதிகூட இல்லை.

ஏழு வயதுக் கார் நம் ஊரில் பழைய கார் ஆகாது. வங்கிக் கடனை அடைத்த முதல் உரிமையாளர் அதை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கும் வயது அது. அதை வாங்குபவர் யார்? வாழ்க்கையில் முதல் முறையாகக் கார் வாங்கும் குடும்பம், ஆஸ்பத்திரிக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் போய்வர ஒரு வண்டி வேண்டும் என்று நகையை அடகு வைத்தவர். புதுக் கார் வாங்க வசதியுள்ளவருக்குச் சட்டத்தின் காவல் உண்டு, செகண்ட் ஹாண்டில் வாங்குபவருக்குக் கிடையாது என்பதுதான் இந்த விதியின் நடைமுறைப் பொருள். இதை ஏற்கவே முடியாது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. சில பழுதுகள் வயதானால்தான் வெளியே வரும். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் உலகம் முழுக்கக் கற்பித்த பாடம் அதுதான். ஏர்பேக்கை விரிக்கும் உலோகக் குப்பிக்குள் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெயிலும் ஈரக்காற்றும் மாறி மாறித் தாக்க ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கெட்டது. விபத்தில் உயிரைக் காக்க வேண்டிய அந்தக் குப்பியே வெடித்து, உலோகச் சில்லுகளை ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் பாய்ச்சியது. அமெரிக்காவில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் அங்கே திரும்ப அழைக்கப்பட்டன. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளின் கார்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. 2017-இல் அந்த நிறுவனமே திவாலானது.

வெப்பமும் ஈரப்பதமும் என்றால் சென்னையும் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் நினைவுக்கு வர வேண்டாமா? 2016-இல் ஹோண்டா இந்தியாவில் சுமார் 1.9 லட்சம் கார்களை இதே ஏர்பேக்குக்காகத் திரும்ப அழைத்தபோது ஏழு வயதைக் கடந்தவையும் அவற்றில் இருந்தன. நிறுவனம் தானாக முன்வந்ததால் அது நடந்தது. இன்னொரு நிறுவனம் நாளை மறுத்தால், இன்றுள்ள விதியை வைத்து அந்தப் பழைய கார்களுக்கு எதுவும் செய்ய முடியாது. டகாட்டா கண்முன்னே நடந்து முடிந்த பிறகும் ஏழு ஆண்டு என்று எழுதியவர்களுக்கு என்ன சமாதானம் இருக்கிறது?

ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டியின் நிலையும் நிம்மதி தருவதாக இல்லை. ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்கும் கார் மாடல் என்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் புகார் செய்தால்தான் விசாரணைக்கு வழி பிறக்கும். ஆயிரம் பேருக்கு ஸ்டியரிங் இறுகும்வரை காத்திருப்பதா பாதுகாப்பு? எல்லாம் நிரூபணமானாலும் அபராதத்தின் உச்சவரம்பு ஒரு கோடி ரூபாய். லட்சக்கணக்கில் கார் விற்கும் நிறுவனத்துக்கு அது ஒரு நாள் விளம்பரச் செலவு.

நிறுவனமே அழைத்தாலும் அந்தச் செய்தி இரண்டாவது உரிமையாளரை எட்டுவதில்லை. கடிதம் முதல் உரிமையாளரின் பழைய வீட்டுக்குப் போகிறது; குறுஞ்செய்தி அவருடைய எண்ணுக்குப் போகிறது. தற்செயலாகக் கேள்விப்பட்டவர், பானட்டைத் திறந்து விரலால் தூசியைத் துடைத்து, பதினேழு இலக்க சேசிஸ் நம்பரை எழுதிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போகிறார். "லிஸ்ட்ல உங்க வண்டி இருக்கு சார். பார்ட்ஸ் இன்னும் வரல, வந்ததும் போன் பண்றோம்" என்கிறார் கவுன்ட்டரில் இருப்பவர். ஜாப் கார்டுகூடப் போடுவதில்லை. அதுவரை ஓட்டலாமா என்று கேட்டால் "மெதுவா ஓட்டுங்க சார்" என்பதே பதில். பழுதான பிரேக்கோடு குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் தந்தைக்கு இதுதான் கிடைக்கும் ஆலோசனை. இன்றைய உரிமையாளரின் பெயரும் முகவரியும் அரசின் வாகன் தகவல் தளத்தில் இருக்கின்றன. அபராத ரசீது மட்டும் அவரை நொடியில் தேடி வருகிறது.

நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தத் தயங்குவது முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. கார்களுக்கு ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022 ஜனவரியில் வரைவு வெளியிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் அமலாக வேண்டியதை ஓராண்டு தள்ளிவைத்தார்கள். 2023-இல் கட்டாயமே இல்லை என்று கைவிட்டார்கள். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். நாடு கொதித்தது. கடும் நடவடிக்கை என்று எச்சரிக்கைகள் பறந்தன. அடுத்த மாதம் சில ஆயிரம் ஸ்கூட்டர்களை நிறுவனங்களே திரும்ப அழைத்தன. பேட்டரிப் பாதுகாப்புக்கான புதிய விதிமுறைகளோ அக்டோபரிலிருந்து டிசம்பருக்குத் தள்ளிப்போயின. அதிலும் ஒரு பகுதி மறு ஆண்டு மார்ச் வரை போனது. ஒவ்வொரு முறையும் நிறுவனங்கள் அவகாசம் கேட்டன, அவகாசம் கிடைத்தது. சாலையில் போகிறவருக்கு அவகாசம் கொடுக்க யாரும் இல்லை.

ஏழு ஆண்டு விதி அடியோடு மாற வேண்டும். வாகனம் சாலையில் ஓடும் காலம் முழுவதும் அதைத் தயாரித்தவர் பொறுப்பேற்க வேண்டும். வண்டி எத்தனை கை மாறினாலும் எச்சரிக்கை அதன் இன்றைய உரிமையாளரைச் சென்றடைய வேண்டும். அதற்கான வழியைக் காண்பது அரசின் கடமை. மனமிருந்தால் வழி கிடைக்கும்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பதிவு தரும் அரசு, பதினைந்து ஆண்டுகளுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது. ஏழு ஆண்டு வரம்பு நீக்கப்பட வேண்டும், உடனடியாக.