ஹீட்டருக்குள் ஒரு மலை!

உப்புத் தண்ணீர் வருகிற வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வாட்டர் ஹீட்டரின் கம்பிச்சுருளைக் கழற்றினால், அதன்மேல் வெள்ளையாக, ஓடு போல ஒரு படிவம். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியிலும் அதே வெள்ளை. பிளம்பர் அதைத் தட்டி உதிர்த்துவிட்டு, “உப்பு அடைச்சிருக்கு” என்பார்.

எடுத்து நாக்கில் வைத்தால் கரிக்காது. ஏனென்றால் அது சமையல் உப்பு அல்ல. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். முட்டை ஓடு, சங்கு, சிப்பி, பவளப்பாறை, சிமென்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல், எல்லாமே முக்கியமாக இந்த ஒரே பொருள்தான். எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிப் பாறையும் சுண்ணாம்புக்கல்தான். அப்படியானால் உங்கள் ஹீட்டருக்குள் இருப்பது ஒரு குட்டி மலை!

தண்ணீருக்குள் கல் எப்படி வந்தது? பூமியின் காற்றும் கடலும் பாறையும் ஒன்றோடொன்று என்ன கொடுக்கல் வாங்கல் செய்கின்றன என்ற கதை அதில் இருக்கிறது.

மழை என்னும் லேசான அமிலம்

மழைநீர் மிகச் சுத்தமானது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் விழுகிற வழியிலேயே அது காற்றில் உள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொள்கிறது. சோடா பாட்டிலில் நடப்பதும் இதுதான். மழையில் மிக மிகக் குறைந்த அளவில் நடக்கிறது. அதனால் மாசு இல்லாத மழைகூட லேசான அமிலம்தான். அதன் பி.எச். அளவு சுமார் 5.6. நடுநிலை என்பது 7.

மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கரியமில வாயுவும் சேர்ந்து அந்த நீரை இன்னும் கொஞ்சம் அமிலமாக்குகிறது. இந்த நீர் பாறை இடுக்குகளிலும் சுக்கான்பாறைகளிலும் பல ஆண்டுகள் ஊறி நிற்கும்போது கல் மெல்லக் கரைகிறது. கால்சியமும் பைகார்பனேட்டும் தண்ணீருக்குள் வந்துவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாது. குழம்பில் பருப்பு வேகாதபோதும், சோப்பு நுரைக்காதபோதும்தான் தெரியும்.

அந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் என்ன ஆகும்? கரைந்திருந்த வாயு வெளியே ஓடிவிடுகிறது. வாயு போனதும், அதன் தயவில் கரைந்திருந்த கல் மறுபடியும் கல்லாகிப் படிந்துவிடுகிறது. மண்ணுக்குள் பல ஆண்டுகள் நடந்த வேலை, உங்கள் ஹீட்டரில் பத்து நிமிடத்தில் தலைகீழாக நடக்கிறது.

கடல் உப்பானது எப்படி?

ஹீட்டரில் மாட்டாமல் தப்பிய கால்சியம் ஆற்றோடு கடலுக்குப் போகிறது. கூடவே பாறைகளில் இருந்து கரைந்த சோடியம், மெக்னீசியம் எல்லாம் போகின்றன. சமையல் உப்பின் இன்னொரு பாதியான குளோரின், பெரும்பாலும் ஆதிகாலத்து எரிமலை வாயுக்களில் இருந்து வந்தது. இன்று ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஆற்று நீரில் அதிகம் இருப்பது கால்சியமும் பைகார்பனேட்டும். கடலில் அதிகம் இருப்பதோ சோடியமும் குளோரைடும். அந்தக் கிலோ கடல்நீரில் சோடியம் 10 கிராமுக்கு மேல். கால்சியம் அரை கிராம்கூட இல்லை. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய கால்சியம் எல்லாம் எங்கே போனது?

விலைக்கு வாங்க ஆள் இருக்கிற சரக்கு கடையில் தங்காது அல்லவா? அதுபோலத்தான். சிப்பி, சங்கு, நத்தை, பவளம், கண்ணுக்கே தெரியாத கோடிக்கணக்கான மிதவை உயிர்கள் எல்லாம் கால்சியத்தை எடுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன. சோடியத்துக்கு அப்படி வாடிக்கையாளர் இல்லை. அதனால் அது கடலிலேயே தேங்குகிறது.

1899-ல் அயர்லாந்து விஞ்ஞானி ஜான் ஜோலி ஒரு கணக்குப் போட்டார். கடலில் மொத்தம் எவ்வளவு சோடியம் இருக்கிறது, ஆறுகள் ஆண்டுக்கு எவ்வளவு கொண்டுவருகின்றன என்று வகுத்துப் பார்த்தார். விடை சுமார் 9 கோடி ஆண்டுகள். அதுதான் கடலின் வயது என்றார். பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்று இன்று நமக்குத் தெரியும். ஜோலியின் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. சோடியமும் மெதுவாகக் கடலை விட்டு வெளியேறுகிறது என்பதுதான் கணக்கில் விட்டுப்போனது. வற்றிய கடல்களில் உப்புப் பாறையாகவும், கடலடிக் களிமண்ணிலும் அது போய் ஒளிந்துகொள்கிறது.

ஓடு பாறையாகிறது

ஓடு கட்டிய உயிர் செத்ததும் ஓடு கடலடியில் விழுகிறது. அதன்மேல் இன்னொன்று. லட்சக்கணக்கான ஆண்டுகள் அழுந்திக் கிடந்தால் சுண்ணாம்புக்கல் தயார்.

இதைப் பார்க்க இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. அரியலூருக்குப் போனால் போதும். டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் அந்தப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் இன்று அங்கே சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன. சுருள் சுருளான அம்மோனைட் என்ற கடல் உயிரின் தொல்லுயிர் எச்சங்கள் அங்கே கிடைக்கின்றன. எவரெஸ்ட் உச்சிப் பாறையிலும் 40 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடல் உயிர்களின் எச்சங்கள் உண்டு. கடலடியை மலையுச்சிக்குத் தூக்கியது கண்டங்களின் மோதல்.

கல்லுக்குள் காற்று

நம் முன்னோர் வீட்டுச் சுவரிலேயே இந்த வட்டத்தை ஓட்டினார்கள். கிளிஞ்சலைக் காளவாயில் சுடுவார்கள். கிடைக்கிற சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பூக்கும். அதைச் சுவரில் பூசினால், காய்ந்து, நாளாக ஆக இறுகிக் கல்லாகும்.

நடந்தது என்ன? சுடும்போது கல்லுக்குள் இருந்த கரியமில வாயு வெளியேறுகிறது. பூசிய பிறகு, சுண்ணாம்பு அதே வாயுவைக் காற்றில் இருந்து திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கல்லுக்குள் ஒரு வாயு ‘நிலைத்து’ இருக்கிறது என்பதை ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1756-ல் எடைபோட்டு விளக்கினார். நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லை முழுமையாகச் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போய்விடும். மிச்சம் 56 கிலோதான்.

காற்றில் உள்ள கார்பன் ஒரு பங்கு என்றால், கடலில் ஏறக்குறைய 45 பங்கு இருக்கிறது. பாறைகளில் இருப்பதோ பல்லாயிரம் பங்கு! நம் பூமியின் கரியமில வாயுவில் பெரும்பகுதி கல்லாகிப் பூட்டப்பட்டுக் கிடக்கிறது.

பூட்டப்படாவிட்டால் என்ன ஆகும்? வெள்ளிக் கிரகத்தைப் பாருங்கள். அளவில் பூமிக்குச் சகோதரி. ஆனால் அங்கே கடல் இல்லை. வாயுவைக் கல்லாக்க வழியில்லை. காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு. காற்றழுத்தம் நம்மைப் போல 90 மடங்கு. தரையின் வெப்பம் சுமார் 460 டிகிரி செல்சியஸ். ஈயம் உருகி ஓடும்!

பூமியில் பூட்டுப்போடும் வேலையைத் தொடங்கிவைப்பது முக்கியமாகக் கருங்கல். சுண்ணாம்புக்கல் கரைந்து, மறுபடி ஓடாக மாறும்போது, எடுத்த வாயு திரும்பிவிடுகிறது. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் மழை கருங்கல்லை அரித்து, அதிலுள்ள கால்சியம் கடலுக்குப் போய் ஓடாகும்போது காற்றில் இருந்த வாயுவில் ஒரு பகுதி நிரந்தரமாகக் கல்லுக்குள் போகிறது. எரிமலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகின்றன.

இதில் ஓர் அருமையான ஏற்பாடும் உண்டு. பூமி சூடானால் மழை கூடும், கல் வேகமாக அரிக்கும், கரியமில வாயு குறையும், பூமி குளிரும். குளிர்ந்தால் எல்லாம் எதிராக நடக்கும். அயர்ன் பாக்ஸில் சூடு ஏறினால் தானாக அணைந்து, ஆறினால் தானாக எரிகிற விளக்கு போல! ஒரே குறை, இந்த ஏற்பாடு வேலை செய்ய லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

நம் அவசரம்

நாம் அவ்வளவு காத்திருப்பதில்லை. நிலக்கரி, பெட்ரோல், டீசல் என்று பூமி கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் புதைத்துவைத்த கார்பனை இருநூற்றைம்பது ஆண்டுகளில் வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறோம். சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லையும் சுடுகிறோம். உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டன் சிமென்ட் செய்கிறது. எல்லாமாகச் சேர்த்து மனிதர் வெளியிடும் கரியமில வாயு ஆண்டுக்கு 3,500 கோடி டன்னுக்கு மேல். எரிமலைகள் எல்லாம் சேர்ந்தாலும் இதில் நூற்றில் ஒரு பங்கைத் தொடாது.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இன்னும் அதிகமாகாமல் தாங்கிக்கொண்டிருப்பதில் கடலுக்குப் பெரும் பங்கு உண்டு. நாம் வெளியிடுவதில் சுமார் கால் பங்கை அது விழுங்கிக்கொள்கிறது.

மழையில் நடந்ததுதான் அங்கும் நடக்கிறது. வாயு கரைந்தால் நீர் அமிலத்தின் பக்கம் நகரும். கடல் மேற்பரப்பின் பி.எச். சுமார் 8.2-இல் இருந்து 8.1-ஆக இறங்கியிருக்கிறது. வெறும் 0.1 தானே என்று தோன்றும். ஆனால் பி.எச். என்பது மடங்குக் கணக்கு. இந்தச் சிறிய இறக்கத்துக்கு, அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடியிருக்கிறது என்று பொருள். கடல் இன்னும் அமிலமாகிவிடவில்லை. ஆனால் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது. சிப்பிக்கும் பவளத்துக்கும் வீடு கட்டும் செங்கல் தட்டுப்பாடு!

தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையோரம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காக அவற்றை வெட்டி எடுத்தார்கள். இன்று அது சட்டப்படி குற்றம். கையால் வெட்டுவதைச் சட்டம் தடுக்கலாம். கடல்நீரின் வேதியியல் மாறுவதை உலகத்தார் எல்லோரும் சேர்ந்துதான் தடுக்க வேண்டும்.

“பூமி எவ்வளவோ பார்த்துவிட்டது, இதையும் சரிசெய்துகொள்ளும்” என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், சரிசெய்துகொள்ளும். மழை பெய்யும், கருங்கல் அரிக்கும், வாயு மறுபடி கல்லாகும். ஆனால் அந்த மருந்து வேலை செய்வதற்குள் நம் பேரன் பேத்திகளுக்குப் பிறகும் பல்லாயிரம் தலைமுறைகள் கடந்திருக்கும்.

வீட்டில் செய்து பாருங்கள்

குட்டீஸ்களே, இது உங்களுக்கு. முட்டை ஓட்டுத் துண்டு, கடற்கரையில் எடுத்த சிப்பி, ஒரு சிட்டிகை கல் கோலப்பொடி, மூன்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் வையுங்கள். மேலே வினிகர் ஊற்றுங்கள். முட்டை ஓட்டிலும் சிப்பியிலும் குமிழி வரும். கல்லுக்குள் பூட்டிக் கிடந்த கரியமில வாயுதான் அது. கோலப்பொடியும் நன்றாக நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல் வகை. நுரைக்காவிட்டால் வேறு கல். நிலவியல் அறிஞர்களும் வெளியில் பாறையை அடையாளம் காண இதே சோதனையைத்தான், இன்னும் வலுவான அமிலத்தை வைத்துச் செய்கிறார்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு குறிப்பு: வெந்நீர்ப் பாத்திரத்தில் படிந்த வெள்ளையைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி ஊறவிட்டால் தானே கரைந்துவிடும்.

அடுத்த வாரம்: கடற்கரை மணல் எங்கிருந்து வந்தது?