யாருடைய துணிவு?

டில்லியை அடுத்த நோய்டாவிலும் கிரேட்டர் நோய்டாவிலும் அரைகுறையாய் நின்றுபோன அடுக்கு மாளிகைகளைக் கண்டவர்கள், அவற்றுக்குப் பணம் கொடுத்த பாங்கிகளின் துணிவை வியக்காமலிருக்க முடியாது. மனையின் விலை ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையே அந்நாளில் போதிய ஜாமீனாகக் கருதப்பட்டது. அம்ரபாலி கம்பெனிக்கு, கிரயத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் பெற்றுக்கொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள் நில அதிகாரிகள். துணிவு நல்ல குணந்தான். ஆனால் அது யாருடைய பணத்தின்மேல் காட்டிய துணிவு என்பதே நமது கேள்வி. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதையல்லவா இது?

வட்டிச் சலுகைத் திட்டம் என்று ஒன்றை வகுத்தார்கள். கடன் பத்திரம் வீடு வாங்குபவர் பெயரில். பணம் போவதோ கட்டிட முதலாளியின் கைக்கு. வீட்டை ஒப்படைக்கும் வரையில் மாதத் தவணையை முதலாளியே கட்டுவார் என்பது ஏற்பாடு. அவர் கையை விரித்ததும் பாங்கிகள் வீடு வாங்கியவரின் வாசலில் வந்து நின்றன. கட்டிட வேலை நடந்த அளவுக்கே கடனை விடுவிக்க வேண்டுமென்று ரிஸர்வ் பாங்கி 2013-ஆம் வருஷத்திலேயே கூறியிருந்தது. கேட்பார் யார்? குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை, கைக்கு வராத வீட்டுக்குத் தவணை என இரண்டையும் ஒரே சம்பளத்தில் கட்டித் தவிக்கும் குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல. அம்ரபாலியில் வீட்டுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர் மட்டும் 40,000 பேருக்கு மேல்.

வேறு பல லேவாதேவி ஸ்தாபனங்களோ, சில மாதத் தவணையில் கடன் வாங்கி, பல வருஷம் முடியாத கட்டிடங்களுக்கு அதைக் கொடுத்தன. 2018-இல் ஐ.எல். அண்டு எப்.எஸ். தவணை தவறியதும் எல்லோருக்கும் திகில் பிடித்தது. அளவு மீறிய துணிவு ஒரே மாதத்தில் அளவு மீறிய பயமாயிற்று. நடந்துகொண்டிருந்த வேலைகளும் நின்றன. 2019 நவம்பரில் 25,000 கோடி ரூபாய் நிதி ஒன்றை மத்திய சர்க்கார் அறிவிக்க வேண்டியதாயிற்று. லாபம் வந்திருந்தால் அதில் பொது ஜனங்களுக்குப் பங்கு கிடைத்திருக்குமா?

2018-இல் திவால் சட்டத்தைத் திருத்தி, வீடு வாங்குவோரையும் கடன் கொடுத்தோராக அங்கீகரித்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் 2020-ஆம் வருஷத்துத் திருத்தம் அந்த உரிமையைக் குறுக்கிவிட்டது. பாங்கி தனித்தே மனுச் செய்யலாம். வீடு வாங்கியவரோ அதே கட்டிடத்தில் 100 பேரையாவது பத்தில் ஒரு பங்கினரையாவது சேர்த்துக்கொண்டு வரவேண்டுமாம்! இது என்ன நீதி?

அம்ரபாலி வழக்கில் 2019 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு இந்த நியாயத்தை ஒட்டியதே. வீடு வாங்கியவர்களின் வீடுகளை விற்று நில அதிகாரிகளும் பாங்கிகளும் தங்கள் பாக்கியை வசூலிக்கக் கூடாதென்று அது கண்டிப்பாய்க் கூறிற்று. கட்டிட முதலாளிகளுக்கும் பாங்கிகளுக்கும் இருந்த உறவை விசாரிக்கும்படி 2025-இல் சி.பி.ஐ.க்கும் அக்கோர்ட்டு உத்தரவிட்டது. அவ்விசாரணை முதலாளிகளோடு நின்றுவிடாமல், கட்டிடம் எழும்பாமலே பணத்தை விடுவித்துக் கையெழுத்திட்ட அதிகாரிகள் வரையில் செல்ல வேண்டும். விதியை மீறிக் கொடுத்த தொகையை வீடு வாங்கியவரிடம் வசூலிக்கும் உரிமை பாங்கிக்குக் கிடையாதென்று பார்லிமெண்டு தாமதமின்றிச் சட்டம் செய்யவேண்டும்.