நம்ம பிள்ளைகளை ஊரைவிட்டு விரட்டியது யார்?



தண்ணீர் வரவில்லை, உரம் கிடைக்கவில்லை, களத்தில் நெல் நனைகிறது என்று எத்தனையோ துண்டுப் பிரசுரம் போட்டிருக்கிறோம். இந்தத் தடவை வீட்டு விஷயம் பேசப் போகிறோம். பிள்ளை பெற்று வளர்த்து ஆளாக்கியவர்கள் என்ற முறையில் பேசுகிறோம். வீட்டுக் கதைக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நிறைய இருக்கிறது. கடைசி வரை படியுங்கள்.

வாடிப்பட்டியில் தொடங்கி மேலூர் வரைக்கும், அந்தப் பக்கம் திருமங்கலம், உசிலம்பட்டி வரைக்கும் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். திண்ணையில் வயசாளிகள் இரண்டு பேர். மூத்த மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி. இளையவன் சென்னையில் டிரைவர், இல்லையென்றால் துபாயில் கட்டட வேலை. மகள் மதுரை டவுனில் ஜவுளிக்கடையில் பொழுதுக்கும் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். தீபாவளிக்கு வருகிறார்கள், ஊர்த் திருவிழாவுக்கு வருகிறார்கள். மூன்றாம் நாள் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிடுகிறார்கள். நடவுக்கு ஆள் தேடுவதும், ராத்திரி மடை திறந்துவிடப் போவதும் அறுபதைத் தாண்டிய நம் தலையில்.

பெரியாறு பிரதானக் கால்வாயிலும் திருமங்கலம் பிரதானக் கால்வாயிலும் ஒருபோகப் பாசனம் மட்டும் 1,05,002 ஏக்கர். தண்ணீர் திறக்கும் உத்தரவில் வருஷா வருஷம் அச்சாகிற கணக்கு இது. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இந்தப் பூமியைப் பச்சையாக்கியது. சரி, இன்னும் பத்து வருஷம் கழித்து இந்த ஒரு லட்சம் ஏக்கரில் யார் கலப்பை பிடிப்பது? நம் சங்கக் கூட்டத்தையே பாருங்கள். உட்கார்ந்திருப்பவர் தலையெல்லாம் நரை. நமக்குப் பிறகு கோரிக்கை மனுவைக் கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கப் போவது யார்?

கணக்குப் பார்த்துத்தான் போனார்கள்

டீக்கடையில் ஒரு பேச்சு ஓடுகிறது. "இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு ஒடம்பு வளையாதப்பா. செல்போனும் கையுமா அலையுதுக" என்று. இந்தப் பேச்சை நாம் ஒத்துக்கொள்ளவில்லை. திருப்பூரில் பன்னிரண்டு மணி நேரம் மெஷினில் குனிந்து கிடக்கிறவனுக்கா உடம்பு வளையாது? வளைகுடா வெயிலில் சாரத்தின் மேல் நிற்கிறவனா சோம்பேறி?

அந்தப் பிள்ளை ஊரை விட்டுப் போகும் முன்னால் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, ஒரு ஏக்கருக்கு எம்புட்டுச் செலவு, எம்புட்டு வரவு, கையில எம்புட்டு நிக்கிது?" இந்தக் கேள்விக்கு எந்த அப்பன் வாய் திறந்து பதில் சொல்ல முடிந்தது?

பெண்ணைப் பெற்றவர்களுக்கு விளங்குகிற மாதிரி ஒரு கணக்குச் சொல்கிறோம். 2005–06-ல் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 570 ரூபாய். அந்தச் சமயம் ஒரு பவுன் நகை ஏறக்குறைய 5 ஆயிரம். அதாவது 9 குவிண்டால் நெல் போட்டால் ஒரு பவுன் எடுக்கலாம். 2025 செப்டம்பரில் தமிழக அரசு ஊக்கத்தொகையும் சேர்த்துக் கொடுத்த விலை 2,500 ரூபாய். அதே மாதம் பவுன் 80 ஆயிரத்தைத் தாண்டியது. அப்போது ஒரு பவுனுக்கு 32 குவிண்டால்! 40 கிலோ சிப்பத்தில் சொன்னால் 2005–06-ல் 22 சிப்பம், 2025 செப்டம்பரில் 80 சிப்பம். நிலம் அதே நிலம். மகள் கழுத்துக்குப் போடும் ஒரு பவுனுக்கு மூன்றரை மடங்கு நெல் அளக்க வேண்டியிருந்தது.

விலையை எப்படி நிர்ணயம் செய்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் கணக்கில் 'ஏ2 + எஃப்.எல்.' என்று ஒன்று. ஏ2 என்றால் விதை, உரம், உழவு, கூலி என்று கைக்காசு போட்ட செலவு. எஃப்.எல். என்றால் குடும்ப உழைப்பு. அப்பன், ஆத்தா, மகன், மருமகள் வயலில் இறங்கிச் செய்கிற வேலைக்குப் போடும் மதிப்பு. 2025–26-ல் இந்த இரண்டும் சேர்ந்து குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று கணக்கு வைத்து, அதை ஒன்றரை மடங்காக்கி 2,369 ரூபாய் ஆதரவு விலை அறிவித்தார்கள். "ஒன்றரை மடங்கு கொடுத்துவிட்டோம்" என்று மேடை போட்டுப் பேசினார்கள்.

ஆனால் சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பும், போட்ட முதலுக்கு வட்டியும் அந்தக் கணக்கில் இல்லை. அதையும் சேர்த்தால்தான் 'சி2' என்கிற முழுச் செலவு. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004-ல் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் வைத்து விலை கொடு என்று சொன்னது. முழுச் செலவுக்கு மேல் 50 சதவீதம் போட்டால் அதே 2025–26-ல் 3,100 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஆக, குவிண்டாலுக்கு 700 ரூபாய்க்கு மேல் நம் கையிலிருந்து போகிறது. வெளியே முதல் போட்டவனுக்கு வட்டி உண்டு, கடை கட்டி விட்டவனுக்கு வாடகை உண்டு. பாட்டன் சேர்த்து வைத்த நிலத்துக்கு மட்டும் ஒன்றும் கிடையாதாம். அப்புறம் எந்தப் பிள்ளை அந்த நிலத்தில் நிற்பான்?

அதனால் சொல்கிறோம். பிள்ளைகளை விரட்டியது செல்போனும் இல்லை, சினிமாவும் இல்லை. கட்டுப்படியாகாத விலைதான் விரட்டியது. வீட்டில் பிள்ளையைத் திட்டித் தீர்க்கிற கோபத்தை விலை வைக்கிறவன் பக்கம் திருப்புங்கள்.

போனவர்கள் வந்து நின்ற நாட்கள்

ஊரை விட்டுப் போனவன் மண்ணை மறந்துவிட்டானா? இரண்டு சம்பவத்தை நினைத்துப் பாருங்கள்.

2014 மே 7-ல் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மதுரை தமுக்கத்திலும் ராப்பகலாக உட்கார்ந்தது யார்? கல்லூரிப் பிள்ளைகள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த பிள்ளைகள். மாட்டுக்கு வைக்கோல் அள்ளிப் போட்டுப் பல வருஷம் ஆனவர்கள். ஜனவரி 23-ல் சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது.

அடுத்தது மேலூர். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனி தேர்வானதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி, நரசிங்கம்பட்டி என்று சுற்றியுள்ள பூமியில் 2,015 ஹெக்டேர், ஏறக்குறைய 5 ஆயிரம் ஏக்கர். 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசே அறிவித்த அரிட்டாபட்டியும் அதற்குள். மேலூர்ப் பக்கத்து ஜனங்களுக்குச் சுரங்கம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிரானைட் வெட்டிக் கண்மாயும் வாய்க்காலும் போன கதையைக் கண்ணால் பார்த்தவர்கள். 2012-ல் அன்றைய கலெக்டர் உ. சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று எழுதினாரே, அது இதே பூமிதான்.

கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் மேலூர்ப் பகுதிக் கடைகள் அடைத்துக் கிடக்க, நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை ஜனம் திரண்டு வந்தது. ஊன்றுகோலுடன் பெரியவர்கள், இடுப்பில் பிள்ளையுடன் பெண்கள், பேண்ட் சட்டையில் இளைஞர்கள். போலீஸ் வழக்குப் போட்டது. ஜனம் பின்வாங்கவில்லை. ஜனவரி 23-ல் ஏலம் ரத்து! வழக்குகளையும் அரசு வாபஸ் வாங்கியது.

அந்த ஊர்வலத்தில் யாரும் சாதி பார்த்து வரிசை கட்டவில்லை. எந்தக் கட்சிக் கரை வேட்டி என்று பார்த்துத் தண்ணீர் கொடுக்கவில்லை. அப்பன் போனான், பிள்ளையும் போனான். ஜெயித்ததற்குக் காரணம் அதுதான்.

டெல்லி எல்லையிலும் இதுதான் நடந்தது. 2020 நவம்பரில் டிராக்டரில் கிளம்பிய பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் ஒரு வருஷம் ரோட்டிலேயே குடியிருந்தார்கள். தாத்தா டிராலியில் படுத்திருந்தார், பாட்டி ரொட்டி சுட்டாள், பேரப்பிள்ளைகள் 'டிராலி டைம்ஸ்' என்று பத்திரிகையே நடத்தினார்கள். மூன்று தலைமுறையும் சேர்ந்து உட்கார்ந்ததால் 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் வாபஸ் ஆயின.

வீட்டுக்குள் அரசியல் பேசுங்கள்

இன்றைக்கு ஒரே வீட்டில் மூன்று கொடி. அப்பனுக்கு ஒரு கட்சி, மகனுக்கு ஒரு கட்சி, மருமகனுக்கு ஒரு நடிகர். பொங்கலுக்கு ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு சண்டையில் முடிகிறது. "வீட்டுல அரசியல் பேசாதீக" என்று பெண்கள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பேசத்தான் வேண்டும் என்கிறோம் நாம். எந்தத் தலைவன் பெரியவன் என்ற பேச்சு வேண்டாம். நெல் விலை என்ன, கால்வாய் தூர்வாரியது யார், கொள்முதல் நிலையத்தில் சிப்பத்துக்குக் காசு கேட்பதை எந்தக் கட்சி தட்டிக் கேட்டது, நான்கு வழிச்சாலை ஓரத்து நஞ்சையில் மஞ்சள் கல் ஊன்ற எவன் அனுமதி கொடுத்தான்? இதைப் பேசுங்கள். கொடி எதுவாக இருந்தாலும் மூன்று பேருக்கும் பதில் ஒன்றாகத்தான் வரும்.

ஓட்டுக்குக் காசு விஷயத்தையும் பிள்ளைகள் முன்னாலேயே பேசுங்கள். 2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் பார்முலா' என்று நாடே நம் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சிரித்தது. வாசலுக்கு வரும் கவரைக் குவிண்டாலுக்குப் போகும் 700 ரூபாயோடு வைத்துப் பாருங்கள். ஐந்து வருஷத்தில் யார் யாருக்குக் கொடுத்தது என்று புரியும்.

படித்த பிள்ளையின் படிப்பும் நமக்கு வேண்டும். ஏல அறிவிப்பு இங்கிலீஷில் வருகிறது. பட்டா, அடங்கல், மனு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி எழுதிப் போட, திருப்பூரில் இருக்கிற மகனால் முடியும். சென்னையில் இருக்கிற மகளால் முடியும். அதற்கு ஊரில் குடியிருக்க வேண்டியதில்லை.

நிலப் பத்திரத்திலும் நியாயம் வேண்டும்

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசக்கும். பிள்ளைகளைச் சங்கத்துக்குக் கூப்பிடுகிறோம் என்றால் பெண் பிள்ளையையும் கூப்பிடுகிறோம். தமிழ்நாட்டில் 1989-லேயே குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்தது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. பிறப்பாலேயே அந்த உரிமை உண்டு என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. களையெடுப்பதும் நாற்று நடுவதும் பெண்கள், பட்டாவில் மட்டும் பேர் இல்லை என்றால் அவள் எதற்காக நிலத்துக்குப் போராட வருவாள்?

வயசாளிகளுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, நிலத்தை எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளை கவனிக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், மதுரை நான்கு இடத்திலும் கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. தான செட்டில்மெண்ட் எழுதும்போதே 'கடைசி வரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள். அது பிள்ளை மேல் சந்தேகம் ஆகாது. வரப்பில் கல் நடுவது பக்கத்து வயல்காரரோடு சண்டை போடவா? சண்டை வராமல் இருக்கத்தானே!

நமது கோரிக்கைகள்

மத்திய அரசே! முழு உற்பத்திச் செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்து நெல்லுக்கு விலை கொடு! அதைச் சட்டமாக்கு!

மாநில அரசே! காவிரி டெல்டாவுக்கு 2020-ல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைப் பெரியாறு – வைகைப் பாசனப் பகுதிக்கும் விரிவாக்கு! நஞ்சையை மனையாக்காதே!

அறுவடைக்கு முன்பே நேரடி நெல் கொள்முதல் நிலையங்களைத் திற! சிப்பத்துக்குக் காசு கேட்பதைத் தடுத்து நிறுத்து!

60 வயது தாண்டிய சிறு, குறு விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் கௌரவமான மாத ஓய்வூதியம் கொடு!

பெற்றவர்களே! அரசிடம் கேட்பது இவ்வளவு. உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த சங்கக் கூட்டத்துக்கும், அடுத்த கிராம சபைக்கும் தனியாக வராதீர்கள். மகனோ மகளோ, மருமகனோ மருமகளோ, ஒருவரைக் கையோடு கூட்டி வாருங்கள். ஊருக்கு வர முடியாத பிள்ளைக்கு இந்தப் பிரசுரத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். "எம்புட்டு நிக்கிது?" என்று அவன் அன்றைக்குக் கேட்டானே, அந்தக் கேள்வியை அரசாங்கத்தைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து கேட்போம்.

உழுதவன் பிள்ளை உரிமை கேட்கட்டும்!
கட்டுப்படியாகும் விலை கிடைக்கும் வரை ஓயமாட்டோம்!
குடும்பத்தோடு அணி திரண்டு வாரீர்! வாரீர்!