பதினாறு கால், ஆறு கால்

ஊட்டியிலிருந்து குண்டலுப்பேட்டை வழியாக மைசூர் போகும் தமிழ்நாட்டு வண்டிகள் நஞ்சன்கூட்டில் நிற்பது பெரும்பாலும் கோயிலுக்காக. கபினியில் கால் நனைத்து, ஸ்ரீகண்டேஸ்வரரைத் தரிசித்து, கிடைத்தால் ஒரு சீப்பு ரசபாளே வாழைப்பழம் வாங்கிக்கொண்டு மைசூர் அரண்மனையைப் பார்க்க விரைகிறார்கள். ஊரின் பெயரில் உள்ள கடைசிச் சொல்லை யாரும் கவனிப்பதில்லை. நஞ்சுண்டவன் குடியிருக்கும் கூடு. அதே கூடுதான் இங்கே பட்டுக்கும். கன்னடத்தில் 'ரேஷ்மெ கூடு' என்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் ஊக்கம் கொடுத்து மைசூர்ச் சீமைக்குக் கொண்டுவந்த தொழில் இது. மத்திய பட்டு ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் மைசூரில்தான் இருக்கிறது. பட்டு நூற்பு ஆலை பக்கத்துத் தாலுகாவான டி.நரசிப்பூரில். அந்த நரசிப்பூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி நாடெங்கும் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது, கர்நாடகத்தில் முதல் அங்கன்வாடிகள் திறக்கப்பட்டது அங்கேதான். பட்டுப்புழுவும் பாலர் கல்வியும் இந்த வட்டாரத்தில் அண்டை வீட்டுக்காரர்கள். ஆனால் போக்குவரத்து இல்லாத அண்டை வீட்டுக்காரர்கள்.

அங்கன்வாடிச் சுவர்களில் பூச்சிகளுக்குக் குறைவில்லை. சிரிக்கும் வண்ணத்துப்பூச்சி, கண்ணாடி போட்ட எறும்பு, எட்டுக் காலுடன் பூச்சிக் கூட்டத்தில் திருட்டுத்தனமாக இடம் பிடித்த சிலந்தி. தமிழ்க் குழந்தைக்கு 'ஈ' என்பது முதலில் நான்காவது எழுத்து. பூச்சி என்பது அப்புறம். ஆங்கிலப் பள்ளிக் குழந்தைகளுக்கு எரிக் கார்ல் 1969இல் எழுதிய பசிக்காரப் புழுவின் கதை இருக்கிறது. எண்ணிக்கையையும் வார நாட்களையும் கற்றுத்தர அதைவிட நல்ல புத்தகம் கிடைப்பது கடினம். ஆனால் அந்தப் புழு ஆப்பிள் முதல் ஐஸ்கிரீம் வரை எல்லாவற்றையும் தின்கிறது. நஞ்சன்கூட்டுப் புழுவுக்கு மல்பெரி இலையைத் தவிர வேறெதுவும் இறங்காது.

ஒரு அட்டைப்பெட்டியில் ஒரு டஜன் பட்டுப்புழு. இதைவிட மலிவான கல்விச் சாதனம் இல்லை. நூறு முட்டைத் தொகுதி வாங்கி நாற்பதாயிரம் புழுவுக்குமேல் வளர்க்கிற விவசாயிக்குப் பன்னிரண்டு புழு ஒரு பொருட்டல்ல. குழந்தைகளைப் பட்டாளமாகப் புழு மனைக்குள் கூட்டிச் செல்வதை மட்டும் அவர் விரும்பமாட்டார். நோய் வந்தால் ஒரு வளர்ப்பே போய்விடும். அதனால் புழு பள்ளிக்கு வருவதே முறை. இரண்டு தடவை தோலுரித்த இளம்புழுவாக வாங்கினால் கூடு கட்ட ஏறக்குறைய இரண்டு வாரமாகும். ஈரமில்லாத, மருந்து அடிக்காத இலை வேண்டும். தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். புகையிலை தொட்ட விரல் பெட்டியின் பக்கமே வரக் கூடாது.

அந்த இரண்டு வாரத்தில் நடப்பதைப் பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் பார்க்க வேண்டும். புழுவுக்கு ஓர் இலை என்று பன்னிரண்டு இலை எண்ணி வைப்பதில், 'ஒன்றுக்கு ஒன்று' என்ற கணக்கின் அடிப்படை வந்துவிடுகிறது. நூலை வைத்து நீளம் பார்த்து, நேற்றைய நூலோடு இன்றைய நூலை ஒப்பிடலாம். முட்டையிலிருந்து வந்தபோது மூன்று மில்லிமீட்டர் இருந்த உயிர் ஏழு சென்டிமீட்டரைத் தொடுகிறது. எடை ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. மெல்லிய இலையைக் கிழிக்காமல் காம்பு கிள்ளும் விரல்தான் பிறகு பென்சில் பிடிக்கப் போகிற விரல். திடீரென்று ஒரு நாள் புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும், இலையைத் தொடாது. தோலுரிக்கப் போகிறது. அன்று குழந்தைகள் செய்ய வேண்டிய ஒரே வேலை சும்மா இருப்பது. நாலு வயதில் இதைவிடக் கடினமான பயிற்சி கிடையாது.

கால்களை எண்ணச் சொன்னால் வேடிக்கை ஆரம்பமாகும். புழுவுக்கு முன்னால் ஆறு, நடுவில் எட்டு, வாலருகே இரண்டு, ஆகப் பதினாறு. கூட்டிலிருந்து வரும் அந்துப்பூச்சிக்கு ஆறுதான். பத்துக் கால் எங்கே போயிற்று? முன்னால் இருந்த மூன்று ஜோடிதான் உண்மையான கால். மற்றவை கிளையைப் பற்றிக்கொள்ள உதவிய சதைப் பிடிப்புகள், உருமாற்றத்தில் மறைந்துவிடுகின்றன. பதினாறில் பத்துப் போனால் ஆறு என்பதைக் கரும்பலகையில் நாற்பது தடவை எழுதிப் போட்டாலும் இவ்வளவு ஆழமாகப் பதியாது.

இது புதிய ஞானமில்லை. 1939இல் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, உலகப்போர் காரணமாக ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலில் தங்கிய காலத்தில், செடிகளையும் உயிரினங்களையும் வைத்தே குழந்தைகளுடன் பணியாற்றினார். அவர் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்ட நர்சரிகளில் இன்று மூன்று வயதுக்கு வீட்டுப்பாட நோட்டு. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் அதைத் தொடர்ந்து 2022இல் வந்த அடிப்படை நிலைப் பாடத்திட்ட வரைவும் விளையாட்டு வழியைத்தான் சொல்கின்றன. சொல்வதில் நாம் என்றைக்குமே குறை வைத்ததில்லை. அங்கன்வாடி ஊழியரின் ஆறு வகைப் பணிகளில் பாலர் கல்வி ஒன்று. அதற்கு முன் எடை பார்த்து, சத்துணவு கொடுத்து, 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியில் பதிவேற்றி முடிப்பதற்குள் குழந்தைகள் தூங்கிவிடுகிறார்கள். அவருக்கு ஒரு பெட்டிப் புழு இன்னொரு சுமையாகத் தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. புழு 'ஹண்ணு' ஆகி, அதாவது பழுத்து மஞ்சளாகி, இரண்டு மூன்று நாளில் கூடு கட்டி முடித்ததும் ஏதாவதொரு குழந்தை நிச்சயம் கேட்கும்: அப்பா சந்தைக்குக் கொண்டுபோகிற கூட்டில் உள்ளே இருக்கிற புழு என்ன ஆகும்? பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் ஆயிரம் மீட்டர் வரை நீளும் ஒற்றை இழை துண்டு துண்டாகிவிடும். அதனால் வருவதற்குள் ஆவியிலோ வெப்பத்திலோ கொன்றுவிடுகிறார்கள். பட்டுப்பாவாடை அப்படித்தான் வருகிறது. குழந்தை பதில் கேட்டு நிற்கும்போது 'புழு தூங்குகிறது' என்று சொல்கிற டீச்சர் இரண்டு வாரப் பாடத்தையும் ஒரே வாக்கியத்தில் அழித்துவிடுகிறார். பார்த்ததை நம்பு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பார்க்காததில் பொய் சொல்வது எப்படிச் சரியாகும்? அந்தத் தொழிலில் சாப்பிடும் வீட்டுக் குழந்தைக்கு அந்த உண்மை புதிதாகவும் இருக்காது. நகரத்துப் பெற்றோர்தான் அதிர்ந்துபோவார்கள்.

சென்னையிலோ பம்பாயிலோ இருப்பவர்கள் மல்பெரிக்கு எங்கே போவது என்று கேட்கலாம். கறிவேப்பிலைச் செடி போதும். அதில் பறவை எச்சம்போல ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு; வளர வளரப் பச்சையாகும். தெருவோர எருக்கில் கறுப்பும் மஞ்சளுமாக வரியோடிய புழுக்கள் கிடைக்கும். எருக்கம்பாலைக் குழந்தைகள் தொடாமல் பெரியவர் பார்த்துக்கொள்ள வேண்டும். முருங்கைக் கம்பளிப்பூச்சி மட்டும் வேண்டவே வேண்டாம், அரிப்பு யாரையும் விட்டுவைக்காது.

பட்டுப்பெட்டியில் இரண்டு கூடுகளையாவது விட்டுவைப்பது நல்லது. பத்துப் பன்னிரண்டு நாளில் வெள்ளை அந்துப்பூச்சி வரும். பறக்கத் தெரியாது, தின்ன வாய் கிடையாது, சில நாள் உயிரோடிருந்து பெட்டியில் விரித்த காகிதத்தில் நானூறு முட்டை இடும். பல தலைமுறை இனமாக இருந்தால் அடுத்த பத்து நாளில் அத்தனையும் பொரிந்துவிடும். அதற்குள் இலைக்கு யாரிடமாவது சொல்லிவைக்க வேண்டும்.