வன்னியின் சுயவிபரக் கோவைகளில் விடுபடும் நான்கு வரிகள்

வேலைக்கு விண்ணப்பிக்கும் நண்பர்களின் சுயவிபரக் கோவைகளைத் திருத்திக் கொடுக்கும் வேலை சில வருடங்களாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து வந்தாலும் வவுனியாவிலிருந்து வந்தாலும் முதல் பந்தி பெரும்பாலும் ஒன்றுதான்: "கடின உழைப்பாளி, குழுவாகச் செயற்படக்கூடியவர், சவால்களை விரும்புபவர்." கொமினிகேசன் கடைக் கணினியில் கிடக்கும் பழைய படிவத்தில் பெயரை மட்டும் மாற்றியதுபோல இருக்கும். யாருக்கும் பொருந்துகிற வரி யாரையும் அறிமுகப்படுத்தாது.

தொழில்சார் சுருக்கம் எனப்படும் அந்தப் பந்தி மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் என்ன வேலை தெரிந்தவர்? அதை எங்கே, எவ்வளவு செய்திருக்கிறீர்கள்? இந்தப் பதவிக்கு அது எப்படி உதவும்? நான்கு வரிகள் போதும்.

இரண்டாவது கேள்வியில்தான் எங்கள் ஆட்கள் தடுமாறுகிறார்கள். அதற்கு ஒரு காரணம் அரச நியமனம். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் வடக்கு கிழக்கில் மாதக்கணக்காக வீதியில் இருந்து கேட்டது அதைத்தான். அங்கே பட்டச் சான்றிதழ் பேசும். ஆள் தன்னைப் பற்றி எழுத வேண்டியதில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரசாங்கத்தை மட்டும் நம்பியிருக்க முடியாத நிலை. தனியார் நிறுவனங்களோ உங்களைப் பற்றி நீங்களே எழுதுங்கள் என்கின்றன.

மற்றக் காரணம் போர். 2009 மே மாதம் போர் முடிந்தபோது ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். மெனிக்பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். இன்று முப்பதுகளில் இருக்கும் பலருக்குப் படிப்பு வருடங்களில் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை எப்படி விளக்குவது என்ற பயத்தில், செய்த வேலைகளையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார்கள். சுருக்கம் என்பது இன்று உங்களால் என்ன முடியும் என்று சொல்லும் இடம். பொய் எழுதக்கூடாது, அதற்காக முகாமையோ புனர்வாழ்வையோ முதல் பந்தியிலேயே ஒப்புவிக்க வேண்டிய கடமையும் கிடையாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். முல்லைத்தீவில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளராக ஐந்து வருடம் இருந்த ஒருவர் "வேலை அனுபவம் இல்லை" என்று எழுதுகிறார் என்று வையுங்கள். அவரே இப்படி எழுதலாம்: "அறுபது அங்கத்தவர்கள் கொண்ட சங்கத்தின் சேமிப்பு, சுழற்சிக் கடன் கணக்குகளை ஐந்து வருடம் பராமரித்தவர். மாதாந்த அறிக்கை தயாரித்து, கணக்காய்வுக்குப் புத்தகங்களைச் சமர்ப்பித்தவர். கள உத்தியோகத்தர் பதவிக்கு இந்த அனுபவத்தைக் கொண்டுவருகிறார்." இதில் புகழ்ச்சி ஒரு சொல்லும் இல்லை. வேலை கொடுப்பவருக்கோ கேள்வி கேட்க இடம் கிடைக்கிறது.

மேசன், தச்சன், மோட்டார் திருத்துநர் போன்றவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. தேசிய தொழிற்றகைமை முறையில், வகுப்புக்குப் போகாமல் வேலைத்தளத்தில் கற்ற திறமையையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் அலுவலகத்தில் "முன்கற்றலை அங்கீகரித்தல்" என்று விசாரித்தால் விபரம் கிடைக்கும். "பன்னிரண்டு வருட அனுபவமுள்ள மேசன், தேசிய தொழிற்றகைமை மட்டம் 4" என்ற ஒரு வரி, கடின உழைப்பாளி என்ற சொல்லைத் தேவையற்றதாக்கிவிடும்.

ஆனால் சுமையை விண்ணப்பதாரியின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் பல்கலைக்கழக பீடங்களும் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. 2021இலிருந்து வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. சுருக்கம் எழுதுவதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அங்கே பழக்கலாம். வடக்கில் ஆள் எடுக்கும் நிறுவனங்கள் தமிழ் விண்ணப்பத்தை ஏற்கலாம். 2009ஐச் சுற்றிய வெற்று வருடங்களைக் கண்டதும் கோவையை ஒதுக்கிவைக்கும் அலுவலர், அந்த வருடங்களில் வன்னி எப்படி இருந்தது என்று அறிந்திருக்க வேண்டும்.