ரயிலும் தலைவிதியும்

நமது நாட்டில் இப்போது ரயில்வே விருத்தியைப் பற்றிப் பலமான பேச்சு நடந்துவருகின்றது. புதிய பாதைகள் போடப்படுகின்றன. ஒற்றைப் பாதைகள் இரட்டைப் பாதைகளாகின்றன. 1992-ல் எடுத்துக்கொண்ட திட்டப்படி மீட்டர் பாதைகள் பெரும்பாலும் அகலப் பாதைகளாகிவிட்டன. அகலப் பாதைகளில் ஏறக்குறைய முழுவதற்கும் மின்சாரக் கம்பி கட்டியாகிவிட்டது. நமது சென்னைப் பெரம்பூர் தொழிற்சாலையில் 2018-ல் செய்து முடித்த புது மாதிரி வண்டி, 2019 பிப்ரவரி முதல் 'வந்தே பாரத்' என்ற பெயரோடு ஓடிவருகின்றது. இவைகளைக் குறை சொல்ல நாம் வரவில்லை. மாட்டு வண்டிக் காலத்துக்கே திரும்பிப் போகவேண்டும் என்கின்ற கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்ல நாம். இயந்திரம் மனிதனுடைய கஷ்டத்தைக் குறைக்க வந்ததென்றும், அது எவ்வளவுக்கெவ்வளவு பெருகுகின்றதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லதென்றும் சொல்லுகின்றவர்களே நாம்.

ஆனால் ஒரு கேள்வி கேட்க ஆசைப்படுகின்றோம். வண்டி புதிதாயிற்று, வண்டியைப் பற்றிய நம் ஜனங்களின் புத்தி புதிதாயிற்றா?

ரயில் என்பது மந்திரத்தால் வந்ததல்ல. எந்த ரிஷியும் தவம் செய்து வாங்கி வந்ததுமல்ல. நிலக்கரி, தண்ணீர், இரும்பு, கணக்கு ஆகியவைகளைக் கொண்டு மனிதன் தன் அறிவினால் செய்தது. இந்நாட்டில் 1853 ஏப்ரல் 16-ந் தேதி பம்பாயிலிருந்து தாணாவுக்கும், தென்னாட்டில் 1856 ஜூலை 1-ந் தேதி சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கும் முதல் பிரயாணி வண்டிகள் ஓடின. அது முதல், தொட்டால் தீட்டு என்றவனும் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவனும் ஒரே பலகையில் தோளோடு தோள் இடிபட்டு உட்கார நேர்ந்தது. ஆயிர வருஷ உபதேசத்தால் நடக்காத காரியத்தை அரை ரூபாய் டிக்கட்டு நடத்திக்காட்டிவிட்டது.

அப்படியிருந்தும் நம்மவர்கள் ரயிலுக்குள்ளேயும் வர்ணாசிரமத்தைக் கொண்டுபோய் வைக்காமல் விடவில்லை. தென்னாட்டு ஸ்டேஷன்களின் சாப்பாட்டுச் சாலைகளில் பார்ப்பனருக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம் என்று போர்டு தொங்கிற்று. நமது இயக்கத்தார் விடாது கிளர்ச்சி செய்ததன் பலனாய் 1941-ல்தான் அந்தப் போர்டுகள் கழற்றப்பட்டன. கழற்றியதனால் யாதொரு பிரளயமும் வந்துவிடவில்லை. வண்டிகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இவ்வாறாக ரயிலில் சாஸ்திரம் தோற்றுப்போயிற்று. ஆனால் சாஸ்திரத்தின் உடன்பிறந்த தம்பியாகிய தலைவிதி என்பவர் மாத்திரம் இன்றைக்கும் டிக்கட்டு வாங்காமல் எல்லா வண்டிகளிலும் பிரயாணம் செய்துகொண்டிருக்கின்றார். எங்கேயாவது வண்டி கவிழ்ந்தால் முதல் பேச்சு என்ன? "அவன் விதி முடிந்தது", "நேரம் சரியில்லை", "எமன் ரயில் ரூபத்தில் வந்தான்" என்பவைதானே? புது வண்டியைத் துவக்கும்போது மாலை போட்டுத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்துகின்றோம். கவிழ்ந்தால் விதி என்கின்றோம். ஆக, ஓடினால் கடவுள் கிருபை, கவிழ்ந்தால் தலைவிதி என்றாகிவிட்டால், இடையிலே தண்டவாளத்தைப் பரிசோதிக்க வேண்டியவனுக்கும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டியவனுக்கும் என்னதான் பொறுப்பு இருக்கிறது?

விதி என்பது பொய் என்பதற்கு வேதாந்த விசாரணை வேண்டியதில்லை. ரயில்வே கணக்கே போதும். ஆள் இல்லாத லெவல் கிராசிங்குகளில் பள்ளிப் பிள்ளைகள் ஏறிய வண்டியும், கல்யாணக் கோஷ்டியின் வண்டியும் ரயிலில் அடிபடுவது ஒரு காலத்தில் நமக்குச் சாதாரண சேதி. அப்போதெல்லாம் எமனைத்தான் குற்றம் சொன்னோம். பிறகு அந்த இடங்களில் ஆள் வைத்தார்கள். அல்லது மேலேயோ கீழேயோ பாலம் கட்டினார்கள். வேண்டாத இடங்களை மூடினார்கள். 2019 ஜனவரியோடு அகலப் பாதையில் ஆளில்லாத கிராசிங்கே இல்லை என்றாயிற்று. அதோடு அவ்விதச் சாவும் நின்றுவிட்டது. எமன் நின்றுகொண்டிருந்த இடத்தில் ஒரு கேட்டுக்காரரைக் கொண்டுபோய் நிறுத்தியவுடன் எமன் ஓடிவிட்டான் என்றால், அவன் எப்பேர்ப்பட்ட தெய்வம் என்று யோசித்துப் பாருங்கள்.

மற்றொன்றும் பாருங்கள். பெரிய ரயில் விபத்துக்கள் 2014-15-ம் வருஷத்தில் 135 என்றும், 2024-25-ல் 31 என்றும் சர்க்காரே கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பத்து வருஷத்தில் நம் ஜனங்களின் ஜாதகங்களெல்லாம் திருத்தி எழுதப்பட்டுவிட்டனவா? இல்லை. தண்டவாளம் மாற்றினார்கள், கைகாட்டியை மின்சாரக் கருவிகளோடு இணைத்தார்கள், இடித்தாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளாத புது மாதிரிப் பெட்டிகளை விட்டார்கள். அவ்வளவுதான் சங்கதி. 135 விதி 31 விதியாகக் குறையுமானால், அந்த 31-ம் குறையக்கூடியதுதான் என்பது அறிவுள்ளவன் காணும் முடிவாகும்.

பாம்பனை எடுத்துக்கொள்ளுவோம். 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு புயலில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டி பிரயாணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. இராமன் வில்லின் நுனியால் கோடிட்ட புண்ணிய ஸ்தலம் என்று புராணம் கூறும் ஊர் அது. அந்தப் புண்ணியம் ஒரு பிரயாணியைக்கூடக் காப்பாற்றவில்லை. உடைந்த பாலத்தை 46 நாளில் இஞ்சினீயர்களும் கூலியாட்களும் சரிப்படுத்தினார்கள். காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றைப் பாலத்தில் வைத்து, மணிக்கு 58 கிலோமீட்டருக்குமேல் காற்றடித்தால் சிகப்பு விழுந்து வண்டி நின்றுவிடும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். பிற்காலப் பிரயாணிகளைக் காத்தது அந்தக் கருவிதானே ஒழிய, கோவில் மணியல்ல. இப்படியிருக்க, 1914-ல் கட்டிய அப்பாலத்துக்குப் பதிலாக, நடுவிலே தூக்கி இறக்கும்படியான அருமையான புதுப் பாலத்தைக் கட்டிமுடித்துவிட்டு, அதைத் திறக்க 2025 ஏப்ரல் 6-ந் தேதி ராமநவமி நாளைப் பொறுக்கி எடுத்தார்கள்! கடலில் இறங்கித் தூண் நட்டவன் பெயர் யாருக்கும் தெரியாது. பெருமை மாத்திரம் ராமனுக்கு.

இது வெறும் சடங்கு, இதனால் என்ன கெடுதி என்று சிலர் கேட்கலாம். கெடுதி இருக்கின்றது, சொல்லுகின்றோம்.

2023 ஜூன் 2-ந் தேதி ஒடிசாவில் பாலசோர் ஜில்லா பாகாநாகா பஜார் ஸ்டேஷனில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்ப் பாதைக்குப் பச்சை காட்டிற்று. தண்டவாளமோ பக்கப் பாதைக்குத் திரும்பியிருந்தது. வண்டி அங்கே நின்ற கூட்ஸ் வண்டியில் போய் மோதிற்று. எதிர்ப்பக்கமாய்ப் போன ஹௌரா வண்டியும் அதில் சிக்கிற்று. மாண்டவர்கள் 290 பேருக்கு மேல். ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் விசாரித்துக் கண்டதென்ன? கைகாட்டிப் பெட்டிக்குள் ஒயர்களுக்குப் பெயர்ச்சீட்டுத் தப்பாய் இருந்தது. அது வருஷக்கணக்காய் எவர் கண்ணிலும் படவில்லை. அன்று கேட் வேலை செய்தபோது ஒயரை மாற்றி இணைத்துவிட்டார்கள். இதைவிட விசேஷம் என்னவென்றால், 2022 மே 16-ந் தேதி அதே கரக்பூர் டிவிஷனில் வேறொரு ஸ்டேஷனில் இதேபோல் ஒயர்த் தப்பு நேர்ந்திருந்ததும், அப்போதே புத்தி கற்றுத் திருத்தியிருந்தால் இந்த விபத்து நேர்ந்திராது என்பதுமே.

இதிலே விதி எங்கே வந்தது? ஒரு வருஷத்துக்கு முன் கிடைத்த எச்சரிக்கையைப் படிக்காமல் கட்டிவைத்ததற்குப் பெயர் விதியா? அந்தச் சாவில் அதிகமாய் நசுங்கியது எது? எஞ்சினுக்கு அடுத்தாற்போல் இருந்த ரிசர்வேஷன் இல்லாத பெட்டிகள். சோற்றுக்காகத் தெற்கே கூலிவேலைக்கு வந்த ஏழைகள் நிற்க இடமின்றி நின்றுவந்த பெட்டிகள். அவைகளில் யார் ஏறினார்கள் என்பதற்கு ஒரு ஜாபிதாகூடக் கிடையாது. யாரும் உரிமை கொண்டாட வராத 28 பிரேதங்கள் புவனேஸ்வரத்தில் 4 மாதம் கிடந்து, அக்டோபரில் நகராட்சியாரால் எரிக்கப்பட்டன. பெயரில்லாமல் பிரயாணம் செய்தவன் பெயரில்லாமலே போனான். இதைத் தலையெழுத்து என்று சொல்லுகின்ற ஒவ்வொருவனும், அந்த ஒயரைப் பாராமல் விட்டவனுக்கு வக்கீலாக நிற்கின்றான் என்றே சொல்லுவோம்.

விதியின்மேல் போடமுடியாதபோது செத்தவன்மேல் போடுகின்ற வழக்கமும் இருக்கின்றது. 2024 ஜூன் 17-ந் தேதி வங்காளத்தில் ரங்காபானிக்குப் பக்கத்தில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் கூட்ஸ் வண்டி மோதிற்று. அன்றைக்கே, கூட்ஸ் டிரைவர் சிகப்பை மீறினார் என்று மேலதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அவரோ மோதலில் இறந்துபோனவர். எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. பிறகு கமிஷனர் விசாரணையில் கைகாட்டி பழுதாயிருந்ததும், அதைத் தாண்டிப் போகச் சொல்லிக் கொடுத்த சீட்டே சரியானதல்ல என்பதும், அப்படிப்பட்ட சமயத்தில் எப்படி ஓட்டவேண்டுமென்று சரியாய்ப் பயிற்சி கொடுக்காததும் வெளிவந்தன.

நிற்க. பணம் இல்லை என்பார்களோ? 2012-ல் காகோட்கர் கமிட்டியார், பாதுகாப்புக்காக 5 வருஷத்தில் ஒரு லட்சம் கோடி ரூபாய் வேண்டுமென்றும், ரயில்வேக்குக் கட்டுப்படாத தனிப் பாதுகாப்பு அதிகார ஸ்தாபனம் வேண்டுமென்றும் சொன்னார்கள். 2017-18-ல் ஒரு லட்சம் கோடி என்று ஒரு பாதுகாப்பு நிதியும் ஏற்பட்டது. அந்த நிதியிலிருந்து கால் பிடித்துவிடும் இயந்திரம், பீங்கான் பாத்திரம், மேஜை நாற்காலி முதலியவைகளும் வாங்கப்பட்டதாய் 2022-ல் வெளிவந்த தணிக்கை அறிக்கை எடுத்துக்காட்டிற்று. தண்டவாளத்துக்கு வைத்த பணம் அதிகாரியின் காலுக்குப் போயிற்று! வண்டிகள் ஒன்றோடொன்று மோதாமல் தானே பிரேக் போடும் 'கவச்' என்னும் கருவியை 2020-ல் நாடு முழுமைக்கும் ஏற்பதென்று தீர்மானித்தார்கள். 2023-ல் பாலசோர் விபத்து நேர்ந்தபோது, ஏறக்குறைய 69,000 கிலோமீட்டர் பாதையில் அது 1,500 கிலோமீட்டருக்குக்கூட வந்திருக்கவில்லை. கவச் ஒன்றே சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்லவில்லை. ஒயரைத் தப்பாய் இணைத்தால் எந்தக் கருவியும் ஏமாறும். அதனால்தான் கருவியும் வேண்டும், அதைப் பரிசோதிக்கப் போதுமான ஆளும் வேண்டும் என்கின்றோம்.

1956 நவம்பர் 23-ந் தேதி அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டபோது, அன்றைய ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அது யோக்கியமான காரியமே. ஆனால் ராஜினாமா எந்தப் பாலத்தையும் தாங்காது. பாலத்தைத் தாங்குவது, ஏன் இடிந்தது என்ற கேள்வியும், அதற்குக் கிடைத்த பதிலின்படி செய்யும் வேலையுமே.

மூன்றாம் வகுப்பு என்ற பெயரை 1974-ல் எடுத்துவிட்டார்கள். பெயர் போயிற்று, அந்த நிலைமை போகவில்லை. வந்தே பாரத்தில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. குளிர்சாதனமில்லாத அம்ருத் பாரத் வண்டிகளை 2023 டிசம்பரில் துவக்கியதையும், பிறகு பல வண்டிகளில் சாதாரணப் பெட்டிகள் கூட்டியதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் படிக்கட்டில் தொங்குகின்றவனைக் கேட்டால்தான் அது போதுமா என்பது தெரியும். மேல்ஜாதிக்கு முதல் பந்தி, மற்றவர்களுக்கு மிச்சம் என்ற பழைய தர்மம் பணத்தின் பெயரால் ரயிலுக்குள் மறுபடியும் ஏறிக்கொள்ள விடக்கூடாது.

ஆகவே நாம் கேட்பதாவது: ஒவ்வொரு விபத்தின் விசாரணை அறிக்கையையும் அந்தந்த நாட்டு ஜனங்களின் பாஷையில், குறித்த காலத்துக்குள், பகிரங்கமாய் வெளியிட வேண்டும். பாதுகாப்புக்கு என்ற பணத்தில் ஒரு காசும் வேறு காரியத்துக்குப் போகக்கூடாது. விசாரிக்கின்றவர்கள் ரயில்வேக்கு முழுதும் கட்டுப்படாதவர்களாய் இருக்கவேண்டும். புது மாதிரி வண்டி ஒன்று விடும்போதெல்லாம் ஏழைக்கும் அதற்குத் தக்கபடி இடம் கூட்டவேண்டும். தண்டவாளத்தில் இறங்கி வேலை செய்கின்ற கேங்மேனுடைய உயிரையும் உயிராக மதித்து, வண்டி வருவதை அவருக்கு முன்கூட்டித் தெரிவிக்கும் கருவி கொடுக்கவேண்டும்.

இவைகளைச் சர்க்காரிடம் கேட்பதற்கு முன் நாம் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. அடுத்த தடவை எங்கேயாவது வண்டி கவிழ்ந்தது என்று கேட்டவுடன், "விதி" என்ற வார்த்தையை வாயிலிருந்து விடாமல், "ஏன்?" என்று கேளுங்கள். டீக்கடையில் கேளுங்கள், திண்ணையில் கேளுங்கள், ஓட்டுக் கேட்டு வருகின்றவனிடமும் கேளுங்கள். ஏன் என்று கேட்கின்ற ஜனங்களுக்குத்தான் நல்ல ரயில் கிடைக்கும். கேட்காதவர்களுக்கு எவ்வளவு வேகமான வண்டி வந்தாலும் கற்பூரமும் கருமாதியுந்தான் மிஞ்சும் என்பதே நமது அபிப்பிராயமாகும்.